பெட்டிப்பூ

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பவளராணி கத்திரிக்கோலைக் கையில் எடுத்தாள். சனிக்கிழமையென்றால் நிரோஜா தலைமுழுகுவாள், முழுகப் போனால் லேசில் வெளியே வரமாட்டாள், அதுவரைக்கும் இந்த இருப்பறையும் யன்னலும் யன்னலடியில் நிற்கிற இரண்டு சாடிகளும் தனக்குத்தான், மருமகளுக்காக முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. பூ முடிந்துவிட்டது. நேற்றுவரை ஒன்று மட்டும் சிவப்பாக நிமிர்ந்து நின்றது, காலையில் பார்த்தால் அதுவும் நனைந்த துணிபோலத் தொங்கி, ஓரமெல்லாம் கறுத்து, தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஆகியிருந்தது. பூ முடிந்தால் சாடியும் முடிந்தது என்றுதான் இந்தக் கட்டடத்தில் எல்லாரும் நினைக்கிறார்கள், மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு வாங்கி மாசியில் எறிந்துவிடுகிறார்கள், குப்பை போடுகிற அறையில் அவள் எத்தனை தரம் பார்த்திருக்கிறாள், இலை பச்சையாக, வேர் உயிரோடு, சாடியோடு சரிந்து கிடக்கும். ஆனால் பூவுக்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. வாடின தலையை மட்டும் எடுக்க வேண்டும், தண்டை உடனே வெட்டக்கூடாது, அது பச்சையாயிருக்கிற மட்டும் கிழங்குக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருக்கும், தானாக மஞ்சளாகிச் சாய்ந்த பிறகு வெட்டலாம். இலையில் கைவைக்கவே கூடாது. இலை வெயிலில் சமைத்துக் கீழே அனுப்புவதைத்தான் கிழங்கு தின்று கொழுத்து, அடுத்த வருசத்துப் பூவை இப்போதே தனக்குள்ளே — மாமியிட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை அம்மா. அவள் கை நின்றது. வியாழக்கிழமை பின்னேரம் கேட்டது இது. காய்ந்த துவாய்களை மடித்து அடுக்கிக்கொண்டு நிரோஜாவின் அறையைக் கடந்து போனபோது கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை, மொன்றியலில் இருக்கிற தாயோடு நிரோஜா போனில் கதைத்துக்கொண்டிருந்தாள், குரலைத் தாழ்த்தி, மூக்கை உறிஞ்சி. அந்த ஒரு வசனம்தான். பவளராணி நின்று மிச்சத்தைக் கேட்கவில்லை, ஒட்டுக்கேட்கிற ஆள் என்று ஒருவரும் அவளைச் சொல்ல முடியாது, துவாய்களோடு திரும்பிக் குசினிக்குப் போய் அவற்றைச் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கனநேரம் நின்றாள். ஆனால் கேட்ட ஒரு வசனம் போதுமாயிருந்தது. அது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகவில்லை, தண்ணீர் குடித்தாலும் போகவில்லை, மறந்துபோய் இருக்கிற நேரம் பார்த்து ஒருதரம் குத்தித் தான் இருக்கிறதைச் சொல்லிவிட்டுப் போகிறது.

எப்பிடிச் சொல்லுறதெண்டு. என்னத்தைச் சொல்வது? சொல்லக் கஷ்டமான விசயம் ஒரு பெண்ணுக்கு, அதுவும் புருசனை இழந்து ஒன்றரை வருசமாகப்போகிற ஒரு பெண்ணுக்கு, அவனுடைய தாயிடம் என்னதான் இருக்கும். அவள் முதல் பூவை வெட்டி விரித்து வைத்திருந்த பேப்பரில் போட்டாள். இதற்கு என்னவோ நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது, அமரில்லிஸ் என்று நிரோஜா சொல்வாள், பவளராணிக்கு இது பெட்டிப்பூ. பெட்டிக்குள் வந்தபடியால் பெட்டிப்பூ. மகன் சேந்தன் கலியாணம் முடித்த முதல் நத்தாருக்கு வேலையால் வரும்போது கொண்டுவந்தான், மேலே பெரிய சிவப்புப் பூப் படம் போட்ட மட்டைப் பெட்டி, மனுசிக்கு என்று வாங்கினானா தாய்க்கு என்று வாங்கினானா தெரியாது, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு வெங்காயம். நல்ல பெரிய வெங்காயம், தோல்கூட அதேமாதிரி மண்ணிறமாய் உரிந்து, அடியில் வேர்க்குச்சம். இந்த நாட்டில் வெங்காயத்தையும் பெட்டி போட்டு விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் அதை வெங்காயக் கூடைக்குள் போட்டுவிட்டாள். அடுத்தநாள் கறிக்கு அரிய எடுத்தபோது சேந்தன் தற்செயலாகத் தண்ணி குடிக்க வந்தான். அம்மா, அதை வெட்டினால் எங்களுக்கு வயித்தாலைதான் போகும் என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நிரோஜாவும் வந்து சிரித்தாள். தனக்கு ரோசம் வந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய் இருந்தாள், அவன் வந்து கதவில் தட்டினான். எந்த விரலால் தட்டுவான் என்று அவளுக்குத் தெரியும், நடுவிரலை மடித்து, மூன்று தரம். ராக்கெற்றைப் பிடித்துப் பிடித்து அந்த விரலடியில் காய் பிடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்மின்ரன் விளையாடப் போவான், தெரிந்த பெடியங்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து வைத்திருந்தார்கள். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது என்று குனிந்தவன் நிமிரவில்லை. அவ்வளவுதான். கூட நின்றவர்கள் அவன் பகிடிக்குச் செய்கிறான் என்று நினைத்து முதலில் சிரித்தார்களாம், அதைச் சொல்லிச் சொல்லி ஒரு பெடியன் செத்தவீட்டில் அழுதான். விளையாட்டுப் பை வீட்டுக்கு வந்தபோது உள்ளே இருந்த பெனியனில் ஈரம் காயவில்லை. அதை அவளும் தோய்க்கவில்லை, நிரோஜாவும் தோய்க்கவில்லை, என்ன செய்வது என்று ஒருவரை ஒருவர் கேட்கவுமில்லை, பை இப்போதும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

அந்த வருசம் கிழங்குகளை அவள் மறந்துபோனாள். ஆவணி முடியத் தண்ணியை நிறுத்தி, இலை காய்ந்து விழுந்த பிறகு, வீட்டு நடைபாதை அலுமாரிக்குள் இருட்டில் வைத்தது வைத்ததுதான். இருட்டும் குளிரும் கொஞ்சநாள் வேண்டும் அதற்கு, பிறகு வெளியே எடுத்துத் தண்ணி காட்ட வேண்டும், அதற்கிடையில் ஐப்பசியில் இவன் போய்விட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனம் எல்லாம் போய், நிரோஜாவும் வேலைக்குத் திரும்பப் போகத் தொடங்கின பிறகு ஒருநாள் தூசிதட்டுகிற துடைப்பம் எடுக்க அலுமாரியைத் திறந்தவள், உள்ளே வெள்ளையாக என்னவோ வளைந்து நிற்கிறதைக் கண்டு பயந்து பின்னுக்குப் போனாள். முளை. தண்ணி இல்லை, வெளிச்சம் இல்லை, ஒருவரும் கூப்பிடவில்லை, தன்பாட்டில் முளைத்து, வெளிறி, கதவு நீக்கலை நோக்கிக் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. செத்தவீட்டில் எல்லாரும் பிடித்து உலுக்கியும் வராத அழுகை அப்போது வந்தது, துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் இருந்து அழுதாள். அது பெரிய கிழங்கு. அதன் விலாவில் குட்டி போட்டிருந்ததைச் சேந்தன்தான் கண்டு, பிரித்து நடுவமோ என்று கேட்டான், அதுதான் இந்த இரண்டாம் சாடி. குட்டி லேசில் பூக்காது, வருசக்கணக்கில் இலையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். இந்த மாரிக்குத்தான் அது முதன்முதலாகப் பூத்தது. மொட்டுப் பிளந்த அன்றைக்கு அவள் நிரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினாள், இரண்டு பேரும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலடியில் நின்றார்கள், வெளியே சினோ வெள்ளையாய்க் கொட்டிக்கொண்டிருந்தது, சேந்தன் நிண்டிருந்தால் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருப்பார் என்று நிரோஜா சொன்னாள். அதுதான். அதுதான் அவளுக்குப் பயம். அந்தப் பெயரை அப்படிச் சும்மா, உப்பைத் தா தண்ணியைத் தா என்கிற மாதிரிச் சொல்ல இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான் மிச்சம். சனம் சேந்தனைப் பற்றிக் கதைக்கும்போது முதலில் முகத்தை மாற்றிக்கொள்கிறார்கள், குரலைத் தாழ்த்துகிறார்கள், அவன் ஒரு நோய் வருத்தம் மாதிரி. இவள் மட்டும்தான் இதுக்குப் புளி காணாது மாமி, சேந்தன் எண்டால் எழும்பிப் போயிருப்பார் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறவள்.

ஒரு சாம்பல் நிறக் கார் இருக்கிறது. தை மாதத்தில் இரண்டு தரம் வந்தது. பதினோராம் மாடியிலிருந்து பார்த்தால் காரின் கூரைதான் தெரியும், முகம் தெரியாது. கார் நின்றதற்கும் கதவு திறந்து நிரோஜா இறங்கினதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்று யன்னலில் நின்று மூச்சை எண்ணினாளே, அது என்ன சீவியம், ஒரு வயதுபோன மனுசி செய்கிற வேலையா அது. கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள், பஸ் வரேல்லை மாமி, நான் வேலை செய்யிற பல் டொக்ரரின்ரை தம்பி இந்தப் பக்கம்தான் இருக்கிறார், இறக்கிவிட்டவர் என்று. கேட்காமலே ஏன் சொன்னாள்? கேட்காமல் சொன்னால் மறைக்க ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம், இல்லாவிட்டால் மறைக்க இருக்கிறது என்றுதான் அர்த்தம். அவள் அடுத்த பூவை வெட்டினாள், மகரந்தம் மஞ்சளாய்ப் பெருவிரலில் ஒட்டியது. அப்படி இருந்தால்தான் என்ன. முப்பத்தைந்து வயதும் ஒரு வயதா. உன் மகள் இப்படி நின்றால் நீ என்ன சொல்வாய் என்று தன்னையே கேட்டு, நல்லது பிள்ளை, நீ சந்தோசமாயிரு, எனக்கும் அதுதான் விருப்பம் என்று சொல்லிப் பழகியும் பார்த்தாள், கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாய் சொன்னது, கண் சொல்லவில்லை. அவள் போனால் இந்த வீட்டு வாடகையோடு ஒரு கிழவி தனியே இருக்க முடியாது. லண்டனில் தம்பி இருக்கிறான், அக்கா வாங்கோ என்பான், தம்பி பெண்சாதி போனுக்குப் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லமாட்டாள். வயதானவர்களுக்கென்று கட்டடம் இருக்கிறது, கோயிலில் சந்திக்கிற பெண்கள் அதைப் பற்றி நல்லமாதிரித்தான் சொல்கிறார்கள், கீழேயே பஸ், ஆளுக்கொரு அறை. அறைக்கு ஒரு யன்னல் இருக்கும். யன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்குமோ, வெயில் விழாவிட்டால் இந்த இலைகள் என்ன செய்யும். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. பெற்ற பிள்ளை போய்விட்டான், அவன் கைபிடித்தவள் போகப்போகிறாள், இவள் யன்னலையும் வெயிலையும் பற்றி யோசிக்கிறாள். ஆனால் மனம் அங்கேதான் போகிறது, பெரிய விசயத்துக்குப் பக்கத்தில் போய் அதன் சூடு பட்டதும் திரும்பி வந்து சின்ன விசயத்துக்குள் புகுந்துகொள்கிறது.

பூ வாடின இடத்தில், காம்புக்கு அடியில், பச்சையாய் உருண்டு கொஞ்சம் வீங்கியிருந்தது. விதைக்காய். அதை விடக்கூடாது. விதை பிடிக்க விட்டால் கிழங்கு தன்னிடம் உள்ளதை எல்லாம் மேலே அனுப்பிவிட்டுச் சூம்பிப்போகும், அடுத்த வருசம் பூ வராது. அவள் அதையும் கிள்ளிப் பேப்பரில் போட்டாள், பசைமாதிரி ஒரு நீர் கசிந்து விரலிடுக்கில் கடித்தது. தண்ணீர் விழுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது, எப்போது நின்றதென்று அவள் கவனிக்கவில்லை. இப்போது தலை துவட்டுவாள். இப்போது கதவு திறக்கும். சாடி மண்ணில் விரலை வைத்து ஈரம் பார்த்தாள், பசளைத் தண்ணி கரைத்து வைத்த போத்தலை எடுத்தாள், கிழங்கின் கழுத்தில் படாமல் ஓரத்தால் ஊற்ற வேண்டும், கழுத்துக்குள் தண்ணி நின்றால் அழுகும், முதல்முறை வளர்த்தபோது அப்படித்தான் பாதி அழுகி, பிறகு கத்தியால் சுரண்டி எடுத்துக் காயவைத்துக் காப்பாற்றினது. குசினியில் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. நிரோஜா தேத்தண்ணி போடுகிறாள். இந்த வீட்டில் தேத்தண்ணி போடுகிறது பவளராணிதான், பத்து வருசமாக அவள்தான், சேந்தன் போன அடுத்தநாள் காலையிலும் அவள்தான் போட்டாள். நிரோஜா போடுகிறாள் என்றால் சொல்லப்போகிறாள். அவள் போத்தலைக் கீழே வைத்தாள். அவசரத்தில் வைத்ததில் கொஞ்சம் தரையில் ஊற்றுப்பட்டது, குனிந்து துடைக்கப் பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை.

நிரோஜா துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு இரண்டு கோப்பைகளோடு வந்து கதிரையை இழுத்து எதிரே போட்டு இருந்தாள். கண் சிவந்திருந்தது, அது சவர்க்காரமாகவும் இருக்கலாம்.

"மாமி, அதை விட்டிட்டுக் கொஞ்சம் இருங்கோ. உங்களோடை கதைக்கவேணும்."

பவளராணி இருந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிரோஜா சொல்லி முடிக்கும்வரை காத்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்று தோன்றியது, பழகி வைத்த வசனத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் பிள்ளைக்கும் பாரம் குறையும் என்று நினைத்தாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. நீ ஒண்டுக்கும் யோசியாதை. ஆர் அவர்? அந்த டொக்ரரின்ரை தம்பியோ?"

நிரோஜா அவளைப் பார்த்தாள். விளங்காமல் பார்த்தாள், பிறகு விளங்கிப் பார்த்தாள், ஒரு கணம் அவளுடைய வாய் சிரிக்கிற மாதிரிக்கூடப் போனது. அவருக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள் என்றாள். அப்படி ஒருவரும் இல்லை, வீட்டைவிட்டுப் போகிற யோசனையும் இப்போதைக்கு இல்லை என்றாள். இப்போதைக்கு என்ற சொல்லைப் பவளராணி பிடித்து ஒரு பக்கம் வைத்துக்கொண்டாள், பிறகு பார்ப்பதற்கு. அதற்குள் நிரோஜா குனிந்து தேத்தண்ணிக்குள் பார்த்தபடி கதைக்கத் தொடங்கியிருந்தாள். பிள்ளை இல்லை என்று தாங்கள் இரண்டு பேரும் வைத்தியத்துக்குப் போனதை அவள் சொன்னாள். அது மாமிக்குத் தெரியாது, சேந்தன் சொல்லவேண்டாம் என்றான், நல்லது நடந்த பிறகு அம்மாவுக்குச் சொல்லுவம், இல்லாட்டி ஒவ்வொரு மாசமும் எங்களோடை சேர்ந்து அவவும் காத்துக்கொண்டிருப்பா என்றான். இரண்டு பேரிடமும் எடுத்து வெளியில் வைத்துச் சேர்த்துக் கருவாக்கினார்கள். ஒன்றை வைத்தார்கள், அது தங்கவில்லை. ஒரு மாதம் அவள் படுத்தே கிடந்தாளே, மாமி மிளகுரசம் வைத்துக் கொடுத்தாளே, அது சளிக்காய்ச்சல் இல்லை, அதுதான். திரும்ப வைப்பதற்கு முதல் உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று விட்டார்கள். அதற்குள்ளே அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

"மிச்சம் மூண்டு இருக்கு மாமி. அங்கை குளிருக்குள்ளை வைச்சிருக்கினம்."

"ஆற்றை?" என்று பவளராணி கேட்டாள். கேட்க வேண்டிய தேவை இல்லை.

"எங்கடை. அவற்றையும் என்ரையும்."

முதலில் வந்தது சந்தோசம். அதைப் பிறகு அவள் ஒருவரிடமும் ஒத்துக்கொள்ளமாட்டாள், ஆனால் வந்தது, அடிவயிற்றிலிருந்து ஒரேயடியாக எழும்பிக் காதுவரைக்கும் சூடாக ஏறியது. மூன்று. அவன் போகவில்லை. எல்லாரும் சேர்ந்து அவனைப் பெட்டியில் வைத்து மூடி அனுப்பினது பொய், இதே நகரத்தில், அவள் மரக்கறி வாங்கப் போகிற பஸ்பாதையில் எங்கேயோ ஒரு கட்டடத்தில், அவனுடைய மூன்று பேர் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறார்கள், அவள் மடியில் முருங்கைக்காயும் பொன்னாங்காணியும் வைத்துக்கொண்டு பக்கத்தால் போய்வந்திருக்கிறாள். குளிருக்குள் என்றால் எவ்வளவு குளிர். ஒருவர் போர்த்திவிட இல்லை. அந்த நாளில் குளிர்ப்பெட்டிக்குள் பாலுக்குப் பின்னால் சின்னச் சின்ன ஊசிமருந்துப் பெட்டிகள் இருந்ததே, நிரோஜாவுக்குச் சீனி வருத்தம் தொடங்கிவிட்டது, பெடி மறைக்கிறான் என்று நினைத்து அவளுடைய தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைத்துப் போட்டாளே. ஒருநாள் சட்டை விலகினபோது வயிற்றில் நீலம் நீலமாய்க் கண்டியிருந்ததே. அதெல்லாம் இதுவா. ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு வந்து இந்தப் பிள்ளை சீனி இல்லாத தேத்தண்ணியை ஒரு சொல்லும் சொல்லாமல் குடித்தாளா. நான் வளர்க்கிறேன். அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நீ பெற்றுத் தா, மிச்சம் எல்லாம் நான் பார்க்கிறேன், நான் குளிப்பாட்டுவேன், நான் சோறு தீத்துவேன், நீ வேலைக்குப் போ. முழங்கால் இப்போதே மடங்கவில்லை, தரையில் ஊற்றின தண்ணியைத் துடைக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவள் எங்கே இருப்பாள், எந்த யன்னலில். அதை எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் பிறக்கட்டும், அவனுடைய காது இருக்கும், அவனுடைய நெற்றிமுடிச் சுழி — அப்போதுதான் நிரோஜா இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு விளங்கியது, தான் கேட்கவில்லை என்பதும். நிரோஜா அவற்றை இனி வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடத் தீர்மானித்திருக்கிறாள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமிக்குச் சொல்லாமல் செய்திருக்கலாம், அம்மாவும் அப்படித்தான் செய் என்கிறாள், தனக்கு மனம் வரவில்லை என்றாள்.

"ஒவ்வொரு நாளும் நினைச்சுப் பாத்தனான் மாமி. பிள்ளையை நினைச்சால் அவற்றை முகம்தான் வருது. பிள்ளைக்கெண்டு ஒரு முகம் வரேல்லை. பிறக்கிறது ஒவ்வொரு நாளும் என்னைப் பாக்கும், நான் அதிலை வேறை ஒராளைத் தேடிக்கொண்டிருப்பன். அப்பிடி ஒரு பிள்ளையைப் பெறக்கூடாது."

ஹீற்றர் சீறிக்கொண்டிருந்தது. கீழே எங்கேயோ சினோ வழிக்கிற வண்டி தகரத்தை உரசுகிற சத்தத்தோடு போய்வந்தது. பவளராணி பேப்பரில் கிடந்த வாடின பூக்களையும் பச்சைக் காய்களையும் பார்த்தாள். விரலிடுக்கு இன்னும் கடித்தது. பேப்பரை நான்காய் மடித்துக் கதிரைக்குக் கீழே தள்ளினாள், நிரோஜா அதைப் பார்க்கவேண்டாம் என்று. இவள் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை, சரியில்லை என்றால் சண்டை பிடிக்கலாம். கொஞ்சத்துக்கு முதல் காதும் சுழியும் தேடினது யார். ஆனால் சரி என்று தெரிந்தாலும் வாய் கேட்கிறதா, வாய்க்குத் தனியாக ஒரு பிடிவாதம் இருக்கிறது.

"ஒண்டை மட்டும்?" என்று கேட்டாள்.

நிரோஜா தலையை ஆட்டினாள். இல்லை என்று. ஆட்டினதில் துவாய் அவிழ்ந்து ஈரமுடி முகத்தில் விழுந்தது, அதை ஒதுக்காமல் அதற்குள்ளேயே அழுதாள், சத்தம் போடாமல், தோள் மட்டும் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் இருந்திருந்தால் ஆயுசுக்கும் கேட்காமல் விட்டேனே என்று இருந்திருக்கும். இரண்டும் ஒன்றுதான். பவளராணி கதிரையின் கையைப் பிடித்து எழும்பி, சுற்றிவந்து நிரோஜாவுக்குப் பின்னால் நின்று, துவாயை எடுத்து அவளுடைய தலையைத் துவட்டத் தொடங்கினாள். அடிமயிரில் விரலை விட்டு, காதுக்குப் பின்னால், கழுத்தடியில், ஈரம் நின்றால் தடிமன் பிடிக்கிற இடங்களில் எல்லாம் அழுத்தித் துவட்டினாள். பத்து வருசத்தில் அவள் இந்தத் தலையைத் தொட்டதில்லை. கலியாணத்தன்று ஆசீர்வாதத்துக்குத் தொட்டாள், செத்தவீட்டன்று கட்டிப்பிடித்தாள், இப்படித் தொட்டதில்லை. உச்சியில் இரண்டு நரை இருந்தது. இது எப்போது வந்தது, இந்தப் பிள்ளைக்கு நரைக்கிற வயதா. இந்தத் தலைக்குள்ளேயே எல்லாவற்றையும் தனியே வைத்து உருட்டிக்கொண்டு, காலையில் வேலைக்குப் போய், கண்டவர்களுடைய பல்லுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, பின்னேரம் வந்து, புளி காணாது என்று சொல்லிச் சாப்பிட்டாளா. இவளையும் நான்தான் பார்க்கவில்லை, யன்னலில் நின்று கார்க் கூரையைப் பார்த்தேன்.

"எப்ப போகவேணும்?" என்று கேட்டாள், துவட்டுகிற கையை நிறுத்தாமல்.

வருகிற வெள்ளிக்கிழமை என்றாள் நிரோஜா. நேரில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும், வேறு ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம்தான்.

"நானும் வாறன்."

"நீங்கள் வரத் தேவையில்லை மாமி. குளிர்."

"எனக்கு வரவேணும்."

நிரோஜா பின்னுக்குச் சாய்ந்தாள், அவளுடைய தலையின் பாரம் முழுதும் பவளராணியின் வயிற்றில் வந்து தங்கியது, அவள் அசையாமல் நின்றாள். கேட்கலாமா விடலாமா என்று ஒரு கேள்வி கிடந்து புரண்டது. கேட்டாள்.

"பாக்க விடுவினமோ?"

"கண்ணுக்குத் தெரியாது மாமி."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடந்தது, ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பவளராணி அறைக்குள் போய்த் தன் அலுமாரியைத் திறந்தாள். கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் போவதற்கு என்ன உடுக்கிறது. வெள்ளைச் சீலையில் அவள் கை போகவில்லை, அதை உடுக்க ஒருவர் பிறந்து செத்திருக்க வேண்டும். கோயிலுக்கு உடுக்கிற பட்டு அதற்கில்லை. அடியில், பிளாஸ்ரிக் உறை பிரிக்காமல், வெளிர்மஞ்சளில் ஒரு கைத்தறிச் சீலை இருந்தது. சேந்தனும் நிரோஜாவும் கலியாணம் முடித்த அடுத்த வருசம் வாங்கினது, கடைக்காரன் கரைபோட்டதும் சரிகை வைத்ததுமாக எடுத்து எடுத்துப் போட, இவள் எல்லாவற்றையும் புறங்கையால் தேய்த்துப் பார்த்து வேண்டாம் என்று தள்ளித் தள்ளி இதைத் தேடி எடுத்தாள். எதற்கு என்று கடைக்காரன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உறையைப் பிரித்து, கட்டிலில் துணி விரித்து, அயனைச் சூடாக்கி மடிப்பு மடிப்பாகத் தேய்க்கத் தொடங்கினாள், நெடுங்காலம் மடிந்து கிடந்த கோடுகள் லேசில் போகவில்லை, தண்ணி தெளித்துத் தெளித்து அழுத்தினாள். நிரோஜா முடியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்து, தேய்த்து முடிந்த பக்கத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு மெது," என்றாள்.

"ஓம்," என்றாள் பவளராணி. "சரிகை இருந்தால் பிள்ளையின்ரை கன்னத்திலை கீறும்."